பென்சில் நெருப்பில் நிற்காது

ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் முடிவான பதில் அனுப்ப வேண்டும். முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். இது அரசு அலுவலகங்களுக்கான விதி. சினிமாக் கம்பெனிகளை இது கட்டுப்படுத்தாது. முப்பத்தைந்து வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவனுக்கு, எந்த விதி யாரைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் முதலில் மனப்பாடம் ஆகும். ஆனாலும் இந்த ஒரு கடிதத்துக்கு அந்த விதி பொருந்தியிருக்கலாம். பொருந்தியிருந்தால் ஒருவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்.

போன ஆகஸ்டில் ஒரு காதல் படம் வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. விருத்தாசலத்தில் அந்த மாதம் பஸ் ஸ்டாண்டிலும் சலூனிலும் கல்யாண மண்டபத்திலும் அதன் பாட்டைத் தவிர வேறு பாட்டு கேட்கவில்லை. "வெயிலுக்கு மூணு மணி நேரம் ஏசியில உக்காந்துட்டு வரலாம், வாங்க" என்று என் மனைவி ஒரு பகல் காட்சிக்கு அழைத்துப் போனாள். படம் பார்க்கும் உத்தேசம் இரண்டு பேருக்குமே இல்லை.

கதாநாயகன் ஒரு மலையூரில் வங்கி அதிகாரி. கிட்டார் வாசிப்பான். வங்கியில் அதற்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கதாநாயகி பீங்கான் கோப்பைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். அவள் விரல் நுனியில் ஒரு நீலக் கறை. மழையில் நனைந்து ஆடும்போதுகூட அது அழியவில்லை. அவள் ஒரு விண்ணப்பத்தோடு வருகிறாள். அவன் பிழை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கிறான். மறுபடி வருகிறாள், மறுபடி திருப்பிக் கொடுக்கிறான். மூன்றாவது முறை விண்ணப்பம் சரியாக இருக்கிறது. அப்போதும் திருப்பிக் கொடுக்கிறான். தியேட்டர் சிரித்தது. எனக்குக் கை சில்லிட்டது. ஏசி என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், அவள் அவனிடம் இரண்டு கோப்பைகளைக் கொடுக்கிறாள். ஒன்றின் அடியில் நீல எழுத்தில் ஒரு கேள்வி. இன்னொன்று வெறுமையாக, அவன் பதில் எழுதுவதற்கு. அவன் எழுதுகிறான். கோப்பை சூளைக்குள் போகிறது. வெளியே வரும்போது அதில் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். விளக்கு போட்டுவிட்டார்கள்.

என் மனைவி சமோசா வாங்கப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அரைமணி நேரம் சண்டையும் பாட்டுமாகப் போனது. பிறகு சூளையில் வேலை செய்யும் ஒரு பெரியவர் கதாநாயகியிடம் சொல்கிறார்: "பென்சில் நெருப்புல நிக்காதும்மா." அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் எழுதித்தான் அனுப்பியிருக்கிறான், பென்சிலால் எழுதியிருக்கிறான். அவள் ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். அவளுக்காக எக்ஸ்பிரஸ் ரயில் நிற்கிறது. ஜங்ஷன் ஊரில் நாற்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். யாருக்காகவும் எந்த ரயிலும் நின்று பார்த்ததில்லை. ஜனங்கள் விசில் அடித்தார்கள்.

"என்னாங்க, அழுவுறீங்களா?" என்றாள் மனைவி.

"ஏசி காத்து கண்ணுல படுது."

"ரெண்டு கண்ணுலயுமா?"

இனி, நடந்தது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பெண்ணாடம் பக்கத்திலிருந்து வந்து, விருத்தாசலம் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தகுதிகாண் பருவம் முடியவில்லை. அதாவது இரண்டு வருடத்துக்குள் யார் வேண்டுமானாலும் என்னை வீட்டுக்கு அனுப்பலாம். அவள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். தொழிற்பேட்டையில் ஒரு கோப்பைக் கம்பெனியில் வண்ணம் தீட்டும் வேலை. தம்பியின் படிப்புக்கு வருமானச் சான்றிதழ் கேட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் முறை அப்பாவின் இனிஷியல் தப்பு. அது உண்மையிலேயே தப்பு. இரண்டாம் முறை தேதி.

"தேதி போட்டிருக்குது பாருங்க சார்."

"இது போன வாரத் தேதி."

"போன வாரம் குடுத்தத நீங்கதான திருப்பிக் குடுத்தீங்க? அப்ப தேதி மட்டும் எப்படி நடந்து வரும்?"

பக்கத்து மேசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மூன்றாம் முறை விண்ணப்பத்தில் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இன்னொரு பிரதி வேண்டும் என்றேன். அப்படி எந்த விதியும் கிடையாது. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் மூன்று பிரதிகளோடு வந்தாள்.

"ரெண்டுதான் கேட்டேன்."

"ஒண்ணு கூடவே இருக்கட்டும். நாளைக்கு அதையும் கேப்பீங்க."

அன்று மாலையே சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு சாயங்காலங்களில் கருவேப்பிலங்குறிச்சி பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு வேலை இருந்தது. பஸ் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பயணி நான்தான். அதிலும் நான் பயணியே இல்லை. எட்டு மாதம். பேசியதையெல்லாம் எழுதினால் நாலு பக்கம் வராது. பாதி, என் ஆபீசைப் பற்றி அவள் செய்த கேலி.

அந்தக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை சூளை அடுக்கும்போதும், வேலை செய்கிறவர்கள் சொந்தமாக ஒரு சாமான் வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் பேர் எழுதிய கிண்ணம், வீட்டு மாடத்துக்கு ஒரு பிள்ளையார், மாதா சொரூபம், ஏதோ ஒன்று. முதலாளிக்குத் தெரியும், தெரியாததுபோல இருப்பார். அப்படி வைத்து எடுத்த ஒரு கோப்பையைத்தான் ஒருநாள் பஸ்ஸில் ஏறும் முன் என் கையில் கொடுத்தாள். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீல எழுத்தில் "வூட்டுல சொல்லட்டுமா?" என்று இருந்தது.

கூடவே சுண்ணாம்புச் சுவர்போல் சொரசொரப்பாக இன்னொரு கோப்பை. கோப்பை இரண்டு தடவை சுடப்படும். முதல் தடவை சுட்டதும் இப்படி இருக்கும். இதில் நீலச் சாயத்தால் எழுதி, கண்ணாடிப் பூச்சில் முக்கி மறுபடி சுட்டால் எழுத்து உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். அதற்குச் சாயமும் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள், ஒரு தூரிகையும்.

"இதுல எழுதிக் குடுங்க. ஒரு வரி போதும்."

"பேப்பர்ல எழுதினா ஆகாதா?"

"பேப்பர்ல எழுதினா திருத்திக்கிட்டே இருப்பீங்க. இத நான் சுட்ட பொறவுதான் பாப்பேன், முன்னாடி பாக்க மாட்டேன். சூளையிலேர்ந்து வந்துட்டா அப்பறம் நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது."

அந்தக் கோப்பையை நாற்பத்தொரு நாள் என் அறையில் வைத்திருந்தேன்.

காரணங்கள் இருந்தன. என் அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தகுதிகாண் பருவம் முடிய ஐந்து மாதம் இருந்தது. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை. என் அப்பாவிடம் இதைச் சொல்வது, கலெக்டரிடம் லீவு கேட்பதைவிடக் கஷ்டம். ஆனால் இவை எதுவும் உண்மையான காரணம் இல்லை. ஆபீசில் எதையும் நேராக மையில் எழுதுவதில்லை. முதலில் பென்சிலில் வரைவு. அது திருத்தப்படும், ஒப்பளிக்கப்படும், அதன் பிறகுதான் சுத்தப் பிரதி. எனக்குக் கை அப்படிப் பழகிவிட்டது. முதல் வாரத்திலேயே கோப்பையின் அடியில் பென்சிலால் எழுதிவிட்டேன்: "சொல்லு. அக்கா கல்யாணம் முடிந்ததும் வருகிறேன்." பிறகு அக்காவை ரப்பரால் அழித்தேன். "சொல்லு. நான் வந்து பேசுகிறேன்." அதற்கு மேல் நீலத்தில் தீட்ட வேண்டியதுதான் பாக்கி. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் கோப்பையை எடுப்பேன், படிப்பேன், சரியாகத்தான் இருக்கிறது என்று அலமாரியில் வைப்பேன். மையில் எழுதிவிட்டால் அது ஆணை ஆகிவிடும். நாளைக்கு எழுதலாம்.

பஸ் ஸ்டாண்டில் அவள் அதைப் பற்றி ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம், அவள் கம்பெனியில் கோப்பைகளைப் பூச்சில் முக்குகிற பெரியவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"சார், பாப்பா ஒரு கோப்பைய வாங்கியாரச் சொல்லுச்சு. இப்ப அடுக்கிக்கிட்டிருக்காங்க. இத வுட்டா அடுத்த சூளைக்கு ஒரு மாசம் ஆவும்."

அனுமதி கேட்காமல் ஆபீசைவிட்டு நான் வெளியே போனது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான். அறைக்கு ஓடினேன். பாட்டிலில் இருந்த நீலம் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. தண்ணீர் விட்டுக் கரைக்கலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தின் மேலும் இரண்டு தடவை அழுத்தி எழுதினேன். நன்றாகக் கருப்பாக, தெளிவாக இருந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சூளை எழுத்தைக் காப்பாற்றும் என்று அவள் சொல்லியிருந்தாள். எந்த எழுத்தை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சூளை ஆறி, பிரித்து எடுக்க ஒரு வாரம் ஆகும். எட்டாம் நாள் பஸ் ஸ்டாண்டில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். மூடிவிட்ட கவுண்டரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். மறுநாளிலிருந்து முந்தின பஸ்ஸில் போனாள். வீட்டில் சொல்லியிருக்கிறாள், வீட்டில் மறுத்துவிட்டார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். இரண்டு மாதத்தில், சென்னைப் பக்கம் மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டேன்.

பதில் வராத ஒவ்வொரு ஆபீசுக்கும் நினைவூட்டு அனுப்பியவன் நான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அனுப்புவேன். அவளுக்கு ஒன்றுகூட அனுப்பவில்லை. "கோப்பை வந்ததா?" என்று இரண்டு வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் நான்கு பேர் பார்க்கக் கேட்க வெட்கம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், என் பக்கத்தில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறு வருடம், நில அளவையரோடு தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனிக்கு இடம் அளக்கப் போனேன். அளந்துகொண்டிருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா கோப்பைகளின் மேல் பென்சிலால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் நீலப் பூ வரைந்துகொண்டிருந்தார்.

"இந்தப் பென்சில் கோடு அசிங்கமா தெரியாதாம்மா?"

"எப்படி சார் தெரியும்? அது நெருப்புல எரிஞ்சிடும். அதுக்குத்தான பென்சில்ல போடுறது."

"கொஞ்சம்கூட நிக்காதா?"

"இருந்த எடமே தெரியாது சார்."

அங்கேயே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவர்கள் கம்பெனிக் கோப்பையிலேயே. குடித்து முடித்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

அவள் தினமும் பென்சிலால் வட்டம் போட்டவள்தான். பென்சில் நிற்காது என்பது இந்த ஊரில் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீலத்தையும் தூரிகையையும் கையில் கொடுத்த பிறகு ஒரு மனிதன் பென்சிலால் எழுதுவான் என்று யாருக்குத் தோன்றும்? நான் வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன் என்றுதான் அவள் நினைத்திருக்க முடியும். விண்ணப்பத்தைத் திருப்பியதுபோல, நான்காவது முறை. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு, ஒரு வருடம் கழித்து விளக்கக் கடிதம் அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை. அனுப்பவில்லை. அதன் பிறகு நான் பொறுப்பு வகித்த எந்தப் பிரிவிலும் ஒரு மனு முப்பது நாளைத் தாண்டியதில்லை. எனக்குப் பின்னால் "முப்பது நாள்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். கண்டிப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் அவளுக்குத் தெரியும், கோப்பை அவளுக்குத் தெரியும். பென்சில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்திரண்டு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அது படத்தில் வருகிறது என்றால், அந்தப் பூச்சு முக்குகிற பெரியவர், அடியில் ஏதோ பென்சில் கிறுக்கல் இருந்ததே என்று என்றைக்காவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். படத்திலும் ஒரு பெரியவர்தானே சொல்கிறார். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்போது தெரிந்தது என்பதுகூட எனக்கு முக்கியம் இல்லை. தெரியும் என்றால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

"கோப்பைக்காரி. அந்தப் பையன் மூணாவது தடவ ஃபாரத்தத் திருப்பிக் குடுக்கிறப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. ஒலகத்துல அப்படி ஒரு மனுசன் ரெண்டு பேரு இருக்க முடியாது."

சொன்னேன். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல் முறையாக, நடுவில் பேசாமல் கேட்டாள். முடித்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு நீங்க எந்த ஃபாரத்தையும் திருப்பி அனுப்பலியே" என்றாள். கேலி மாதிரிதான் சொன்னாள். சமையலறையில் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கடிதத்தை செப்டம்பர் இரண்டாம் தேதி எழுதினேன். அனுப்புநர், பெறுநர் போட்டு, பொருள் எழுதினேன்: "திரைப்படம் – கதை – பென்சிலால் எழுதிய கோப்பை – இச்செய்தியைத் தெரிவித்தவர் யார் என்ற விவரம் கோருதல் – தொடர்பாக." நடந்ததைச் சுருக்கமாக எழுதி, உரிமை எதுவும் கோரவில்லை, பணமோ பெயரோ வேண்டாம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட்டேன். மனைவி வாங்கிப் படித்தாள்.

"இதப் படிச்சா, சினிமாக்காரன் ஒரு டஜன் பென்சில் பார்சல் அனுப்புவான்."

தபால் ஆபீசில் இருந்தவர் உறையின் மேல் கம்பெனி பேரைப் பார்த்துவிட்டு, "என்னா சார், சான்ஸ் கேட்டா? தாத்தா வேஷத்துக்கு ஆள் எடுக்குறாங்களா?" என்றார். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு என்றேன். அட்டை ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. ரப்பர் ஸ்டாம்பு குத்தி, யாரோ கோழி கிளறியதுபோல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே கடிதம் சேர்ந்துவிட்டது.

முப்பதாம் நாள் அக்டோபர் இரண்டு, அரசு விடுமுறை. அவர்களுக்குச் சலுகையாக ஒரு நாள் கூட்டிக் கணக்கிட்டேன். நான்காம் தேதி முதல் நினைவூட்டு, நவம்பரில் இரண்டாவது. டிசம்பரில் இயக்குநருக்கே நேர்முகக் கடிதம். அதாவது பதவிக்கு எழுதாமல் ஆளுக்கு எழுதுவது, "அன்புள்ள" என்று தொடங்கி மரியாதையாக மிரட்டுவது. எதற்கும் பதில் இல்லை.

அதற்குள் மனைவிக்கு என்னைவிட அவசரம் வந்துவிட்டது. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் அவள்தான் முதலில் வெளியே போவாள். "வர்ல" என்று ஒரே வார்த்தை சொல்லிக்கொண்டு திரும்பி வருவாள். ஜனவரியில் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அந்தம்மாவுக்குத் தெரியும்னு பதில் வந்தா என்னா செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். ஃபைல முடிச்சிடுவேன்."

"தெரியாதுன்னு வந்தா?"

"அட்ரஸ் கேட்டு, ஒரு கடிதம் எழுதுவேன்."

"மையில எழுதுங்க" என்றாள்.

பிப்ரவரியும் மார்ச்சும் போயின. ஏப்ரலில் பதில் வந்தது. கம்பெனியிலிருந்து அல்ல. படத்துக்குக் கதை எழுதிய மூன்று பேரில் ஒருவர், கையாலேயே எழுதியிருந்தார். என் கண்ணாடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது மனைவியே உறையைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். அதை அப்படியே கீழே தருகிறேன். என் பெயரையும் அவர் பெயரையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். முதலில் மன்னிக்கவும். இது என் கதை என்று சொல்லிக்கொண்டு கம்பெனிக்கு நிறையக் கடிதங்கள் வரும். அவற்றுக்குப் பதில் போடக் கூடாது, வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் நடைமுறை. உங்கள் நான்கு கடிதங்களும் வக்கீல் ஆபீசில் ஒரே கட்டாக இருந்தன. போன வாரம்தான் என் பார்வைக்கு அனுப்பினார்கள்.

"அந்தக் கதை என் அம்மா சொன்னது. அம்மா விருத்தாசலத்தில் கோப்பைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஃபாரத்தை மூன்று தடவை திருப்பிய கதையை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். மூன்றாவது தடவை ஃபாரம் சரியாகத்தான் இருந்தது, எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிச் சிரிப்பார். கோப்பையைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அப்பா இறந்த பிறகு. கேட்டதற்கு வெறும் கோப்பைதான் பதிலாக வந்தது என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

"நீங்கள் கேட்டிருக்கும் பென்சில், அம்மா சொன்னது அல்ல. அது நான் எழுதியது. வெறும் கோப்பையை அனுப்புகிறவனைக் கதாநாயகனாக வைத்துப் படம் எடுக்க முடியாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அவன் எழுதியிருக்க வேண்டும், ஆனால் அழிந்திருக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று ஒரு வாரம் யோசித்தோம். சூளை வேலை தெரிந்த ஒருவரிடம் விசாரித்தபோது, பென்சில் எரிந்துவிடும் என்றார். சேர்த்துவிட்டேன்.

"அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். அந்த இடம் வந்ததும் என் கையைத் தட்டி, 'நல்லாத்தான் கத கட்டுற. அவுரு பென்சிலால எழுதுற ஆளா? எதையும் சட்டப்படி மையிலதான் எழுதுவாரு' என்றார்.

"உங்கள் முதல் கடிதம் அப்போதே என் கைக்கு வந்திருந்தால், நான் கட்டியது கதை இல்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அம்மா ஜனவரியில், காணும் பொங்கலுக்கு மறுநாள், தவறிவிட்டார்."

அதற்குக் கீழே வழக்கமான முடிவு வரிகள்தான். மனைவி அங்கேயே நிறுத்திவிட்டாள். கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்து, எங்கே மடிப்பது என்று தெரியாததுபோல் கையில் வைத்திருந்தாள்.

"தெரியாமலே போயிடுச்சே அந்தம்மா" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செப்டம்பர்ல போட்டது. உசுரோட இருந்திருக்குது. நாலரை மாசம் இருந்திருக்குது" என்றாள். யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனியையா, வக்கீலையா, என்னையா என்று சொல்ல முடியவில்லை.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நாற்பத்தொரு நாள் கோப்பையை அலமாரியில் வைத்திருந்தவன், ஏழரை மாதம் கடிதத்தை வைத்திருந்தவர்களுக்கு என்ன குறிப்பாணை அனுப்ப முடியும்? உண்மை அவள் கண்முன்னே, அவ்வளவு பெரிய திரையில், பாட்டோடும் மழையோடும் போட்டுக் காட்டப்பட்டது. என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவள் நம்பவில்லை.

முடிந்த கோப்புகளை நாலு வகையாகப் பிரிப்போம். ஒரு வருடம் வைத்து அழிப்பவை, மூன்று வருடம், பத்து வருடம், அழிக்கவே கூடாதவை. என் கடிதங்களின் நகல்கள், ஒப்புகை அட்டைகள், இந்தப் பதில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் துளையிட்டு நூல் கோத்து, அழிக்கவே கூடாத வகையில் சேர்த்தேன். அவள் கொடுத்த நீல எழுத்துக் கோப்பையை நாற்பத்திரண்டு வருடத்தில் ஆறு வீடு மாறியும் உடைக்காமல் வைத்திருக்கிறேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். கவிழ்த்துப் படித்தாள். முந்தானையால் ஒரு தடவை துடைத்து, ஹாலில் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

பிறகு ஒரு பேனாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். கடிதத்தின் இடது ஓரத்தில், வந்த எந்தத் தபாலிலும் போடுவதுபோல, பெறப்பட்ட நாளை மையில் எழுதினேன்: ஏப்ரல் பதினேழு.